சுருள் பிடித்த ஊர்

ஜப்பானில் கடலோரமாக ஒரு சின்ன ஊர். பெயர் குரோவுசு. அந்த ஊரைச் சுருள் பிடித்துக்கொள்கிறது. பேய் கிடையாது, பில்லி சூனியம் கிடையாது, கத்தியோடு அலைகிற கொலைகாரனும் கிடையாது. நத்தையின் முதுகில், குயவர் சக்கரத்தில், ஓடைத் தண்ணீரின் சுழிப்பில், சுடுகாட்டுப் புகையில் நாம் பார்க்கிற அதே சுருள்தான். அது ஒவ்வொருவராக ஆளைப் பிடித்து, கடைசியில் ஊரையே முறுக்கிப் போடுகிறது. ஜுன்ஜி இட்டோ எழுதி வரைந்த 'உஸுமாகி' என்கிற மாங்காவின், அதாவது ஜப்பானியப் படக்கதையின், கதை இவ்வளவுதான். 600 பக்கங்களுக்கு மேல் போகிற தடித்த புத்தகம். ஜெர்மன் மொழியில் கெட்டி அட்டையோடு ஒரே தொகுப்பாகக் கிடைக்கிறது.

என்னிடமிருக்கும் பிரதி ஹாம்பர்க்கில் பல கைகள் மாறிவிட்டது. வாங்கிக்கொண்டு போன யாரும் "நல்லா இருக்கு" என்று ஒரு வார்த்தையில் திருப்பித் தந்ததில்லை. ஒருவருக்குச் சிரிப்பு வந்திருக்கிறது, இன்னொருவர் பாதியில் மூடி வைத்திருக்கிறார், மற்றொருவர் கோபமாக வந்து "இதுக்கு என்னதான் அர்த்தம்?" என்று கேட்டார். ஒரே புத்தகத்தைப் பற்றி இவ்வளவு வேறு வேறு பேச்சு வருவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்தப் பேச்சுகளையெல்லாம் ஓரிடத்தில் எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு. கதையின் சில திருப்பங்களைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அதனால் புத்தகத்தை இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் யோசித்து உள்ளே வாருங்கள்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். இட்டோ 1963ல் கிஃபு மாகாணத்தில் பிறந்தவர். செயற்கைப் பல் செய்யும் தொழில்நுட்பராக வேலை பார்த்தவர். 1987ல் 'தோமியே' கதையை ஒரு திகில் மாத இதழுக்கு அனுப்பினார். கஸுவோ உமெஸு என்ற மூத்த திகில் ஓவியரின் பெயரில் நடந்த போட்டியில் அதற்கு ஊக்கப் பரிசு கிடைத்தது. பிறகு வரைவதே முழுநேர வேலையாகிவிட்டது. 'உஸுமாகி' 1998, 1999ஆம் ஆண்டுகளில் 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' வார இதழில் தொடராக வந்தது. மிக நீளமான ஒரு தொடர்வீட்டில் குடியிருப்பவர்களைப் பற்றித்தான் முதலில் கதை பண்ண நினைத்தாராம். அவ்வளவு நீளமான வீட்டைப் பக்கத்துக்குள் எப்படி அடக்குவது என்று யோசித்தபோது, சுருண்டிருக்கும் கொசுவத்தியிலிருந்து வழி பிறந்திருக்கிறது.

பல்லை மில்லிமீட்டர் கணக்கில் இழைத்த கை என்பது படங்களைப் பார்த்தாலே தெரியும். முடி, ஈரம், மரச் சட்டம், வீங்கிய தோல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கோடு போட்டிருக்கிறார். பயமுறுத்தும் படத்தை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் படித்துக்கொண்டு போகிறோம். பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் யாரோ கதவைத் திறக்கிறார், அல்லது ஒரு மூடியைத் தூக்குகிறார். அவர் முகம் மட்டும்தான் தெரியும். என்ன பார்த்தார் என்பது தாளைத் திருப்பினால்தான். திருப்பும் விரல் நம்முடையது. என் வீட்டுக்கு வந்த ஒருவர் அந்த இடத்தில் தாளைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கதையைச் சொல்பவள் கிரியே என்ற பள்ளி மாணவி. அவளுடைய நண்பன் ஷூயிச்சி. முதல் அத்தியாயத்தில் ஷூயிச்சியின் அப்பா சந்தில் குந்தி உட்கார்ந்து சுவரில் ஒட்டியிருக்கும் நத்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கிரியே கூப்பிடுவது அவர் காதில் விழவில்லை. வீடு முழுக்கச் சுருள் வடிவப் பொருட்களைச் சேர்க்கிறார். கிரியேயின் அப்பா மண்பாண்டம் வனைபவர். அவரிடம் சுருள் போட்ட தட்டு வேண்டுமென்று கேட்கிறார். ஷூயிச்சியின் அம்மா பொறுக்க முடியாமல் கணவர் சேர்த்த எல்லாவற்றையும் தூக்கிப் போடுகிறாள். அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது, வெளியில் தேட வேண்டியதில்லை, உடம்பையே சுருளாக்கலாம் என்று. வட்டமான மரத்தொட்டிக்குள் அவர் எப்படிக் கிடக்கிறார் என்பதை நான் விவரிக்கப் போவதில்லை. அதற்குப் பிறகு அவர் மனைவிக்குச் சுருள் என்றாலே நடுக்கம். விரல் ரேகையில் சுருள் இருக்கிறதென்று அதை வெட்டி எறிகிறாள். காதுக்குள்ளே நத்தை ஓடு போல ஒரு உறுப்பு இருப்பது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று மகன் படுகிற பாடு இருக்கிறதே, முழுப் புத்தகத்திலும் என் நெஞ்சைப் பிசைந்தது அதுதான்.

ஆனால் படித்தவர்கள் எல்லோரும் பேசுவது நத்தை அத்தியாயத்தைப் பற்றி. கதயாமா என்றொரு மாணவன். மழை பெய்கிற நாளில் மட்டும்தான் பள்ளிக்கு வருவான். அதுவும் மிக மெதுவாக, சொட்டச் சொட்ட நனைந்து, வகுப்பு பாதி முடிந்த பிறகு. முதுகில் ஏதோ வீங்கியிருக்கிறது, ஈரச் சட்டையில் அதன் சுருள் தெரிகிறது. ஒருநாள் அவன் பள்ளிக் கட்டடத்துச் சுவரில் ஊர்கிறான். இப்போது பள்ளி என்ன செய்கிறது? கூண்டு கட்டி அவனை உள்ளே விட்டு, இலை தழை போடுகிறது. மாணவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், பாடம் தொடர்ந்து நடக்கிறது. அவனை அடித்துக் கொடுமைப்படுத்திய ட்சுமுராவும் சில நாளில் நத்தையாகி அதே கூண்டுக்குள் போகிறான். அங்கே அவர்கள் இருவருக்கும் நடப்பதைப் படிக்கும்போது சிரிப்பதா, கண்ணை மூடிக்கொள்வதா என்று தெரியாது. கடைசி அத்தியாயங்களில் ஊரே பட்டினி கிடக்கும்போது அந்த நத்தைகளை என்ன செய்கிறார்கள் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

புத்தகத்தை வாங்கிப்போன என் தோழியின் மகளுக்கு 16 வயது. ஹாம்பர்க்கிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் கருத்து இது: "பயமாவே இல்ல ஆன்ட்டி, அருவருப்பாதான் இருந்துச்சு. ஆனா கீழ வைக்க முடியல." நத்தை அத்தியாயத்தைப் பள்ளியில் ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அவளுக்குப் பிடித்தது முடி அத்தியாயம். கிரியேயின் கூந்தல் தானாகச் சுருண்டு எழுந்து ஊரையே தன்னைப் பார்க்க வைக்கிறது. அதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட இன்னொரு மாணவியின் கூந்தலும் எழுகிறது. இரண்டு கூந்தலுக்கும் சண்டை. "எல்லாரும் என்னையே பாக்கணும்னு நினைக்கிறவ கடைசியில என்ன ஆகுறான்னு பாத்தீங்களா ஆன்ட்டி? எங்க ஸ்கூல்ல தினம் அதுதான் நடக்குது" என்றாள். 1999ல் முடிந்துபோன கதையை இன்றைய கைப்பேசிக்குள் வைத்துப் படித்திருக்கிறாள். எனக்கு அது தோன்றியதே இல்லை.

லைப்சிக் புத்தகச் சந்தைக்குப் போகும்போது இவள் இட்டோவின் 'தோமியே' கதை நாயகியாக வேடம் போடுகிறாள். நீளமான கருங்கூந்தல் ஏற்கெனவே இருக்கிறது, இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் வைத்தால் போதும். அந்தச் சந்தையோடு சேர்ந்து 2014 முதல் 'மாங்கா-காமிக்-கான்' நடக்கிறது. போனவர்களுக்குத் தெரியும், ஒரு கூடத்தில் எழுத்தாளர் மேடையில் வாசித்துக்கொண்டிருப்பார், அடுத்த கூடத்தில் ஜப்பானியக் கதாபாத்திரங்கள் வரிசை வரிசையாக நடந்து போவார்கள்.

அவள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்: "இதெல்லாம் இந்த வயசுல படிக்கலாமாடி?" நியாயமான கேள்வி. ஜெர்மனி இந்தக் கேள்வியை வெகு காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் நாடுதான். போர் முடிந்த சில ஆண்டுகளில் படக்கதை என்றாலே பிள்ளைகளைக் கெடுக்கும் குப்பை என்று இங்கே பெரிய இயக்கமே நடந்தது. பிள்ளைகள் படக்கதைகளைக் கொண்டு வந்து கொடுத்தால் பதிலுக்கு 'நல்ல' புத்தகம் கிடைக்கும். இளையோருக்குத் தீங்கான எழுத்தைக் கட்டுப்படுத்த 1953ல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு அதற்கான அமைப்பு வேலையைத் தொடங்கியபோது முதன்முதலில் பட்டியலில் ஏறியவை இரண்டு படக்கதைகள். அதே 1954ல் ஹாம்பர்க்கின் கார்ல்சன் பதிப்பகம் 'பிக்ஸி' என்ற உள்ளங்கையளவு குழந்தைப் புத்தகங்களை வெளியிடத் தொடங்கியது. குழந்தை மருத்துவரின் காத்திருப்பு அறையில் கூடை நிறையக் கிடக்குமே, அதேதான். ஜெர்மனியில் பிள்ளை வளர்த்த எந்தத் தமிழ் வீட்டிலும் இரண்டு பிக்ஸியாவது அகப்படும். அந்தக் கார்ல்சன்தான் இன்று 'உஸுமாகி'யையும் போடுகிறது.

இடையில் நடந்தது நீண்ட கதை. சுருக்கமாகச் சொல்கிறேன். 1982ல் ரோவோல்ட் பதிப்பகம் ஹிரோஷிமாவைப் பற்றிய 'வெறுங்காலன் கென்' மாங்காவின் ஒரு தொகுதியைக் கொண்டுவந்து, அத்தோடு நிறுத்திக்கொண்டது. 1991ல் கார்ல்சன் 'அகிரா'வை இடமிருந்து வலமாகத் திருப்பி, வண்ணமடித்து வெளியிட்டது. 1997ல் 'டிராகன் பால்' ஜப்பானிய வரிசையிலேயே, வலமிருந்து இடமாக வந்தது. பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்கள். தெரியாமல் பின்னட்டையிலிருந்து திறக்கிறவர்களுக்கு "இது கடைசிப் பக்கம், அந்தப் பக்கமிருந்து தொடங்குங்கள்" என்ற எச்சரிக்கை இன்றைக்கும் மாங்காக்களில் இருக்கிறது.

தோழிக்கு நான் சொன்ன பதில்: 16 வயதுப் பெண் படிக்கலாம், 12 வயதுப் பையன் கையில் கொடுக்காதே. ரத்தத்தைவிட அந்தப் படங்களின் நிதானம்தான் சின்னப் பிள்ளைகளை உறுத்தும். மூடி வைத்த பிறகும் கண்ணில் நிற்கும்.

அடுத்தது என்னோடு வேலை பார்க்கும் ஜெர்மன்காரர். ஐம்பதைத் தாண்டியவர், நிறையப் படிப்பவர். புத்தகத்தை வாரக் கடைசியில் முடித்துவிட்டு திங்கட்கிழமை நேராக என் மேசைக்கு வந்தார். ஓவியத்தை அப்படிப் புகழ்ந்தார். உடனே, "ஆனால் இவர்கள் என்ன தப்புச் செய்தார்கள்? ஏன் இந்த ஊருக்கு இது நடக்கிறது? கடைசி வரை சொல்லவேயில்லையே!" என்றார். உண்மையான ஏமாற்றம் அது. பல பேர் சொல்லும் குறையும் இதுதான். ஊருக்கு அடியில் பழைய காலத்துச் சுருள் நகரம் ஒன்று கிடக்கிறது, காலம் காலமாக இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது என்பதுவரை கதை போகிறது. யார் கட்டினார்கள், எதற்கு, எவருடைய பாவம் என்ற கேள்விகளுக்கு ஒரு வரிகூடப் பதில் கிடையாது.

அவர் கேட்டதில் ஆச்சரியமில்லை. இந்த நாட்டுக் குழந்தைகள் வளர்ந்தது 'ஷ்ட்ருவெல்பீட்டர்' கேட்டு. ஃபிராங்ஃபர்ட் மருத்துவர் ஹைன்ரிஷ் ஹாஃப்மன் தன்னுடைய மூன்று வயது மகனுக்காக 1844ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு எழுதி வரைந்தார், மறு ஆண்டு அது புத்தகமானது. அதில் கொன்ராட் என்ற சிறுவனிடம் அம்மா விரல் சப்பாதே என்று சொல்லிவிட்டு வெளியே போகிறாள். அவன் சப்புகிறான். தையற்காரர் பெரிய கத்தரிக்கோலோடு பாய்ந்து வந்து இரண்டு கட்டை விரலையும் நறுக்கிவிட்டுப் போகிறார். ரத்தச் சொட்டோடு படம் இருக்கிறது! சூப் குடிக்க மாட்டேன் என்ற பையன் ஐந்தாம் நாள் செத்துப் போகிறான். 1865ல் வந்த வில்ஹெல்ம் புஷ்ஷின் 'மாக்ஸும் மோரிட்ஸும்' கதையில் இரண்டு குறும்புக்காரப் பையன்களை அரைத்து வாத்துகளுக்குப் போடுகிறார்கள். கொடுமையில் இட்டோவுக்கு இவர்கள் கொஞ்சமும் இளைத்தவர்களில்லை. ஆனால் ஒவ்வொரு கொடுமைக்கும் ஒரு காரணம் உண்டு. சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, அதனால் இது நடந்தது. கேட்டு நடந்தால் உனக்கு நடக்காது.

நமக்கும் அப்படித்தானே? தமிழ்ப் பேய்க்கு எப்போதும் ஒரு வழக்கு இருக்கிறது. பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் கையால் செத்தவள். பழிவாங்க வரும்போது நேராக அவன் கழுத்தைத் திருகிவிட்டுப் போகவில்லை. கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச் சபைக்கு வருகிறாள். என் புருஷன் என்னைக் கைவிட்டான் என்று கண்ணீர் விட்டு முறையிடுகிறாள். அவன் இவள் பெண்ணே அல்ல, பேய் என்று அலறுகிறான். வேளாளர் எழுபது பேரும் கூடி விசாரித்து, அவனை அவளோடு போகச் சொல்கிறார்கள், உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்கிறார்கள். இரவில் அவள் கணக்கை முடிக்கிறாள். விடிந்ததும் எழுபது பேரும் தீயில் இறங்கிச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்கள். நீலிக் கண்ணீர் என்று இன்றைக்கும் சொல்கிறோம். குற்றம், புகார், சாட்சி, தீர்ப்பு, பிணை எல்லாம் அதில் இருக்கிறது. 'சந்திரமுகி'யிலும் 'காஞ்சனா'விலும் பேய் எதற்கு வந்தது என்பதைச் சொல்ல ஃபிளாஷ்பேக் உண்டு. அது முடியும்போது நாம் பேயின் பக்கம் சாய்ந்துவிடுவோம். ஜப்பானின் மற்ற பேய்களும் பெரும்பாலும் இப்படித்தான். கணவனால் வஞ்சிக்கப்பட்ட ஒய்வா, கிணற்றில் தள்ளப்பட்ட சடாகோ என்று எல்லாம் வஞ்சம் தீர்க்க வருபவை.

'உஸுமாகி'யில் சுருளுக்கு ஃபிளாஷ்பேக் கிடையாது. அதற்கு யார் மேலும் கோபமில்லை. வேண்டிக்கொள்ள, மன்னிப்புக் கேட்க, பரிகாரம் செய்ய அங்கே ஆளே இல்லை. நல்லவன் கெட்டவன் என்று அது பார்ப்பதில்லை. கதயாமா அடி வாங்கியவன், ட்சுமுரா அடித்தவன், இருவரும் நத்தை. இட்டோ தனக்கு முன்னோடியாகச் சொல்பவர்களில் அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட் ஒருவர். மனிதனைப் பொருட்டாகவே மதிக்காத பெரும் சக்திகளைப் பற்றி எழுதியவர். அந்தச் சரடு இங்கே தெரிகிறது. புத்தகத்தைப் பற்றி மக்கள் இரண்டாகப் பிரிவது இந்த ஒரு இடத்தில்தான் என்று நினைக்கிறேன். காரணம் வேண்டும் என்பவர்களுக்கு இது ஓவியம் நன்றாக அமைந்த அரைகுறைக் கதை. காரணமில்லாமலும் நடக்கும் என்று ஒப்புக்கொள்பவர்களை இது தூங்க விடாது. நான் இரண்டாவது பக்கம். புயலும் புற்றுநோயும் யாரிடம் காரணம் சொல்லிவிட்டு வந்தன?

இதை அந்த ஜெர்மன்காரரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே காஃப்காவுக்குப் போனார். 1915ல் லைப்சிக்கில் வெளியான 'உருமாற்றம்'. கிரகோர் சம்சா ஒரு காலையில் பூச்சியாக எழுந்திருக்கிறான். அவனும் ஒரு தப்பும் செய்யவில்லை. அவனுக்கு முதல் கவலை ரயிலைத் தவறவிட்டுவிட்டோமே என்பது, வீட்டாருக்குக் கவலை சம்பளம். "பள்ளிக்கூடத்தில் நத்தைக்குக் கூண்டு கட்டினார்களே, அதுவும் இதுதான்" என்று மேசையைத் தட்டினார். இங்கே பள்ளியிலேயே காஃப்கா படிக்கிறார்கள் என்பதால் அந்தப் பாதை அவருக்குச் சட்டென்று தெரிந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. அட்டையில் அந்தப் பூச்சியை மட்டும் வரைந்துவிடாதீர்கள் என்று காஃப்கா தன் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். இட்டோ எதையும் மறைப்பதில்லை. ஈரம், கோழை, கண் துருத்தல் எல்லாவற்றையும் வரைந்து காட்டுகிறார். காட்டிய பிறகும் பயம் குறையவில்லை என்பதுதான் அவருடைய சாமர்த்தியம். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து அந்த ஜெர்மன்காரர் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் பேக்கரியில் லவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி வாங்குவதை விட்டுவிட்டார். நத்தை என்றுதான் அந்த ரொட்டிக்கு இங்கே பெயரே!

இரண்டாவது பெரிய குறை, "இவர்கள் ஏன் ஊரை விட்டுப் போகவில்லை?" என்பது. எல்லோரும் கேட்கிறார்கள். ஷூயிச்சி முதல் அத்தியாயத்திலேயே கிரியேவிடம் கெஞ்சுகிறான், இந்த ஊரில் ஏதோ சரியில்லை, போய்விடலாம் வா என்று. அவன் பக்கத்து நகரத்துப் பள்ளிக்கு ரயிலில் போய் வருகிறவன். வெளியே போய்த் திரும்புகிறவன் என்பதால் ஊரின் கோளாறு அவன் கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளேயே இருப்பவர்களுக்கு நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. கிரியே போகவில்லை. அவளைச் சுற்றிச் சாவு விழுந்துகொண்டே இருக்கிறது, அவளும் பள்ளிக்குப் போய்க்கொண்டே இருக்கிறாள். எழுத்தாளரின் சோம்பேறித்தனம் என்று என் நண்பர்கள் சிலர் தீர்மானமாகவே சொன்னார்கள்.

அவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவர் டோர்ட்மண்டில் இருக்கும் ஓர் ஈழத்து அண்ணன். எண்பதுகளின் கடைசியில் ஜெர்மனிக்கு வந்தவர். ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் திருவிழாவில் அறிமுகமாகி, பிறகு குடும்ப நண்பராகிவிட்டார். அவர் மகன் இந்தப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். "மேசையிலை கிடந்தது பிள்ளை. சும்மா எடுத்துப் பாத்தன். விடியுமட்டும் வாசிச்சன்" என்றார். எல்லோரும் கேட்கிற கேள்வியை அவரிடமும் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"வெளிக்கிடுறதெண்டா என்ன, லேசே? வீடு கிடக்கு, வளவு கிடக்கு, அம்மா வரமாட்டன் எண்டு நிப்பா. இண்டைக்கு நடந்தது அந்தத் தெருவிலை, எங்கட தெருவிலை இல்லை எண்டு நினைப்பம். நாளைக்குச் சரிவரும் எண்டு நினைப்பம். பிறகு ஒருநாள் வெளிக்கிடுவம் எண்டு பாத்தால் பாதை இருக்காது. அந்தப் பெடியன் வரைஞ்சது சரிதான்."

அறுபதைத் தாண்டிய இட்டோவை 'அந்தப் பெடியன்' என்றார். புத்தகத்தில் நடப்பதும் அப்படியே. தொடக்கத்தில் ரயில் ஓடுகிறது, சாலை திறந்திருக்கிறது, போகலாம். பின்பாதியில் சூறாவளிகள் ஊரைச் சிதைத்த பிறகு எந்தப் பாதையில் நடந்தாலும் அது சுற்றி வந்து அதே ஊரில் விடுகிறது. மிச்சமிருப்பவர்கள் இடியாமல் நிற்கும் பழைய தொடர்வீடுகளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஒடுங்குகிறார்கள். ஆள் சேரச் சேர வீட்டை நீட்டிக் கட்டுகிறார்கள். கை கால் நீட்ட இடமில்லாமல் ஒருவரோடு ஒருவர் பின்னிக்கொள்கிறார்கள். அந்தப் பக்கங்களைத்தான் அண்ணன் எனக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "இப்பிடித்தான் இருந்தனாங்கள்" என்று மட்டும் சொன்னார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. அதன் பிறகு 'ஏன் போகவில்லை' என்ற கேள்வியை நான் ஒரு குறையாக எண்ணுவதில்லை. புத்தகத்தின் முதுகெலும்பே அதுதான்.

எல்லாமே அருமை என்று சொல்ல மாட்டேன். விபத்தில் செத்தவன் புதைகுழியிலிருந்து சுருள் கம்பி வில்லில் துள்ளி வரும் அத்தியாயம் எனக்குச் சுத்தமாக ஒட்டவில்லை, மற்ற அத்தியாயங்களில் இருக்கும் நிதானம் அதில் இல்லை. வார இதழில் தொடராக வந்ததால் முதல் பாதி தனித்தனிக் கதைகளாக நிற்கிறது. ஒரு கதையில் பார்த்த பயங்கரத்தை அடுத்ததில் கிரியே மறந்துவிட்டாளோ என்று தோன்றும். அவளுடைய மனசுக்குள் நாம் ஒருபோதும் நுழைவதில்லை. அவள் பார்க்கிறாள், நமக்குச் சொல்கிறாள், அவ்வளவுதான். மாங்கா நிறையப் படிக்கும் இளைஞர்கள் இதைப் பெரிய குறையாகவே பேசுகிறார்கள். எனக்கு அது பொறுக்கக்கூடியதாக இருக்கிறது. ஒரு ஊரின் அழிவுக்குச் சாட்சி வேண்டும், அவள் அந்தச் சாட்சி.

படமாகப் பார்த்தால் போதாதா என்றும் கேட்கிறார்கள். 2000த்தில் ஒரு ஜப்பானியத் திரைப்படம் வந்தது. 2024ல் கறுப்பு வெள்ளையில் நான்கு பாகங்களாக அனிமேஷன் தொடர் வந்தது. 2019ல் அறிவித்து, தள்ளித் தள்ளிப் போய் வந்த தொடர். முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் கொண்டாடினார்கள். இரண்டாம் பாகத்தில் அசைவுகள் சடாரென்று தரம் இறங்கியதும் அதே ஆட்கள் மனம் கசந்துபோனார்கள். என் கருத்து, தொடரைப் பின்னால் பாருங்கள். தாளைத் திருப்புவது நம் கையில் இருக்கும்போது வரும் பயம் திரையில் வராது.

படிக்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜெர்மனியில் இருப்பவர்கள் விலை கொடுத்து வாங்குவதற்கு முன் ஊர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், மாங்காவுக்குத் தனி அலமாரி வைக்கும் நூலகங்கள் பெருகிவிட்டன. கர்ப்பமாக இருப்பவர்கள், வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் மருத்துவமனையில் நடக்கும் இரண்டு அத்தியாயங்களையும் கண்டிப்பாகத் தள்ளி வையுங்கள். நெருக்கமான ஓட்டைகளையும் சுருள்களையும் பார்த்தால் உடம்பு கூசுகிறவர்களுக்கு இந்தப் புத்தகமே வேண்டாம். மற்றவர்கள் முதல் மூன்று அத்தியாயங்களை ஒரே மூச்சில் படியுங்கள். அதற்குள் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், பிடித்துவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை. படித்து முடித்தவர்கள், நீங்கள் குரோவுசுவில் இருந்திருந்தால் எந்த அத்தியாயத்தோடு கிளம்பியிருப்பீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.